தேமலில் தெரிவது கிருமியா, உடலின் எதிர்ப்பா?

வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தந்தையின் முன்கையில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று இருந்தது. தொழுநோய் என்று மருத்துவர் கூறினார். ஆனால் தோலைக் கீறி எடுத்துச் செய்த பரிசோதனையில் கிருமி தென்படவில்லை. எங்கள் தெருவில் இன்னொருவருக்குத் தேமல் அவ்வளவாக இல்லை; காது மடல்கள் தடித்து, புருவ முடி உதிர்ந்திருக்கிறது. அவருக்குக் கிருமி ஏராளமாம். இரண்டும் ஒரே நோயா? கிருமியே இல்லையென்றால் தந்தை ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும்?
— வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நோயும் ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். 1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் அக்கிருமி மிக மந்தமானது. ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும்; நஞ்சு எதையும் சுரப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறுவது, அதை உடல் எதிர்கொள்ளும் விதமே.

உங்கள் தந்தைக்கு வந்திருப்பது போன்ற தேமலிலிருந்து சிறு துண்டு தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் அணுக்கள் நெருக்கமாகத் திரண்டு முடிச்சுகளாகி நிற்பதையும், அவற்றுள் சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களாகியிருப்பதையும் காணலாம். முடிச்சின் உள்ளே, எதிர்ப்பை முன்னின்று நடத்தும் வெள்ளையணுக்களான டி அணுக்களில் சிடி4 வகை மிகுந்திருக்கும். சிடி8 வகை அணுக்கள் விளிம்பைச் சூழ்ந்து நிற்கும். சிடி4 அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் புரதம், விழுங்கும் அணுக்களைத் தூண்டி, உள்ளே புகுந்த கிருமியைக் கொல்ல வைக்கிறது. எதிர்ப்பு இவ்வளவு வலுவாக இருப்பதால்தான் அங்கே கிருமியைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதாகிறது. ஆனால் கிருமி விரும்பிக் குடியேறும் இடம் நரம்பு. போர் அங்கே நடப்பதால் நரம்பிழைகளும் சேர்ந்தே அழிகின்றன. தேமலில் உணர்ச்சி மறைவதும், வியர்வை நிற்பதும், முடி உதிர்வதும் இதனால்தான்.

அண்டை வீட்டாரின் தோலில் காட்சி முற்றிலும் வேறு. மேல்தோல் மெலிந்திருக்கும், அதற்குக் கீழே அணுக்கள் புகாத வெறுமையான ஒரு பட்டை, அதற்கும் கீழே கொழுப்பு நிறைந்து நுரைத்துப்போன விழுங்கும் அணுக்கள். சாயமேற்றிப் பார்த்தால் அந்த அணுக்களுக்குள் கிருமிகள் பீடிக்கட்டுகளைப் போலச் செந்நிறத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கும். அங்கே டி அணுக்கள் குறைவு. இருப்பவற்றிலும் சிடி8 வகையே மிகுதி. ஆன்டிபாடிகள் ஏராளமாகச் சுரந்தாலும், கிருமி அணுவுக்குள் ஒளிந்திருப்பதால் அவற்றால் அதை எட்ட இயலாது. 1991-இல் அமெரிக்காவில் ராபர்ட் மாட்லின் குழுவினர் இரு வகைத் தோல் மாதிரிகளையும் ஒப்பிட்டு, முதல் வகையில் இன்டர்ஃபெரான் காமாவும் இன்டர்லூக்கின்-2-உம், இரண்டாம் வகையில் அத்தூண்டுதலைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-4, 10 போன்ற சமிக்ஞைப் புரதங்களும் மேலோங்கியிருப்பதைக் காட்டினர். ஒரே கிருமிக்கு எதிராக மனித உடல் எடுக்கும் இரு வேறு முடிவுகளைத் தோலிலேயே கண்ணால் காண முடிந்தது என்பதால், தொழுநோய்க்கு அப்பாலும் அந்த ஆய்வு மிக முக்கியமானது என்பேன்.

இவை இரு முனைகள்தாம். 1966-இல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் இவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளையும் சேர்த்து ஐந்தாக வகைப்படுத்தினர். பல நோயாளிகள் நடுவில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் தந்தைக்கு வருவோம். ஒரு கிராம் திசுவில் பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கிருமி இருந்தால் பரிசோதனையில் அது தென்படுவது அரிது. தென்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. மிஞ்சியிருக்கும் சிலவற்றை உடல் எதிர்ப்பதாலேயே நரம்பு மேலும் சிதையலாம். தேமல் ஐந்துக்கு மேற்படாமலும் பரிசோதனையில் கிருமி தென்படாமலும் இருந்தால் ஆறு மாதம், மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து தரப்படுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம். தயவுசெய்து ஒரு வேளை கூட விடாமல் சாப்பிடச் செய்யுங்கள்.

கேள்வி: மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில், மங்கியிருந்த தேமல்கள் சிவந்து வீங்கிவிட்டன. முழங்கையில் வலி, சுண்டுவிரலில் பலம் குறைகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: நிறுத்தாதீர்கள்; ஆனால் இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நடுநிலை வகையினரிடம் எதிர்ப்பாற்றல் திடீரென்று எழுச்சி பெறும்போது இவ்வாறு நேர்கிறது. இறந்த கிருமிகளின் எச்சங்கள் தோலிலும் நரம்பிலும் நெடுங்காலம் தங்கியிருக்கும் என்பதால், சிகிச்சை முடிந்த பிறகும் இது வரலாம். தோல் வீங்குவதற்கு இடமுண்டு. முழங்கையின் உட்புறம் குறுகிய வழியில் ஓடும் நரம்புக்கு அந்த இடமில்லை. வீக்கமே அதை நெரித்துவிடுகிறது.

மருத்துவர் உங்கள் கண்களை மூடச் சொல்லி, பேனா முனையால் உள்ளங்கையைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பார். காகிதம் எளிதில் உருவி வந்தால், பல மாதங்களுக்கு அளவு குறைத்துக்கொண்டே செல்லும் பிரெட்னிசலோன் என்னும், வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும். பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் நரம்பு மீள நல்ல வாய்ப்புண்டு. விரல் மடங்கிய பிறகு அறுவைச் சிகிச்சையால் கையைச் சீராக்கும் முறைகளை வேலூரில் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தார் என்றாலும், அந்த நிலைக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்?

கிருமி மிகுந்தவர்களுக்கு வேறொரு எதிர்வினை வரும். பயன்படாமல் தேங்கிய ஆன்டிபாடிகளும் கிருமியின் எச்சங்களும் பிணைந்து இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிவதால், காய்ச்சலோடு வலிமிக்க சிவந்த முடிச்சுகள் கிளம்பும். கண்ணும் மூட்டும் பாதிக்கப்படலாம். இதற்கு மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி குறைவதுதான் காரணமென்றால், டானிக்கும் சத்துணவும் கொடுத்தால் குணமாகாதா?
— வாசகர், மதுரை

பதில்: சத்துணவு யாருக்கும் நல்லதே, ஆனால் இங்கே குறைந்திருப்பது பொதுவான எதிர்ப்புச் சக்தி அன்று, இந்த ஒரு கிருமிக்கு எதிரான ஆற்றல் மட்டுமே. கிருமி நிறைந்த நோயாளியும் பிற தொற்றுகளை நம்மைப் போலவே எதிர்கொள்கிறார். கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைத் தோலில் ஏற்றி, மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்க்கும் மிட்சுடா சோதனையில், அவருக்கு அந்த இடம் தடிப்பதேயில்லை. சிடி4 அணுக்களை அழிக்கும் எச்.ஐ.வி. பரவியபோது காசநோய் பெருகியதைப் போலத் தொழுநோய் பெருகவில்லை. மாறாக, எச்.ஐ.வி. மருந்தால் சிடி4 அணுக்கள் மீண்ட சிலரிடம்தான், அதுவரை வெளித்தெரியாதிருந்த தொழுநோய்த் தேமல் சிவந்து கிளம்பியது.

ஆகவே டானிக்குக்குச் செலவிடும் பணத்தையும் நாளையும் வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதில் செலவிடுங்கள். நோயாளியுடன் வாழ்வோருக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்த பின், ரிஃபாம்பிசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது; அது உங்கள் வீட்டாருக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.