விட்டுப்போன புகைப்பட ஆர்வத்தை அன்றாடம் வெளியே போய்வரும்போதே மீட்டுக்கொள்ள முடியுமா?

முடியும். எனக்கு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

ஆறு வருடம் என் கேமரா பீரோவுக்குள்ளேயே கிடந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்து விடவில்லை. படம் எடுப்பதென்றால் தொலைவில் எங்காவது போக வேண்டும், பெரிய பை வேண்டும், மூன்று லென்ஸ் வேண்டும், முழுதாக ஒரு நாள் வேண்டும் என்று பழகியிருந்தேன். வேலையும் குழந்தையும் வந்தபின் அப்படியொரு நாள் வாய்க்கவே இல்லை.

ஒருநாள் வேறு எதையோ தேடும்போது பை கையில் தட்டுப்பட்டது. லென்ஸ் ஒன்றை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருந்தது. மனசு கனத்துப்போனது. ஈரக் காற்று, இருட்டு, மூடிய பை. பூஞ்சைக்கு இவ்வளவு போதும். உங்கள் கேமராவும் ரொம்ப நாளாக உள்ளேயே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது. அடிக்கடி வெளியே எடுத்துப் புழங்குவது அதைவிட நல்லது.

தப்பியது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். அதில் ஜூம் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமென்றால் நாம்தான் நாலு அடி முன்னே போக வேண்டும். அதுவே எனக்குச் சாதகமாகிவிட்டது. எந்த லென்ஸை மாட்டுவது என்ற யோசனை போய், எங்கே நிற்பது என்ற யோசனை மட்டும் மிஞ்சியது.

வாரம் இரண்டு நாள் மகளை ஒரு வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே காத்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கேமராவையும் கூட எடுத்துப்போக ஆரம்பித்தேன். முதல் சில வாரம் ஒன்றுமே அகப்படவில்லை. அதே சுவர், அதே மரம், அதே படிக்கட்டு. அப்புறம் ஒரு மாலை மரத்தடித் தரையைக் கவனித்தேன். இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் எல்லாம் கோணல்மாணல். ஆனால் தரையில் விழுந்த வெளிச்சம் மட்டும் வட்ட வட்டமாக இருந்தது. ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம். ஒவ்வொரு சந்தும் ஓர் ஊசித்துளைக் கேமராவாக, அதாவது லென்ஸே இல்லாமல் ஒரு சிறு துளை வழியாகப் பிம்பத்தை விழவைக்கும் கேமராவாக, வேலை செய்கிறது! பகுதி சூரிய கிரகணம் நடக்கும்போது அந்த வட்டங்கள் அத்தனையும் பிறைகளாகிவிடும். வெயில் சாயச் சாய அவை நீள்வட்டமாக நீளும். இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு முடிந்து வந்த மகள், நான் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு அந்த வெளிச்சத்தில் கையை நீட்டினாள். ஒரு வட்டம் சரியாக உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. முதல் க்ளிக்கில் வட்டம் வெறும் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிட்டது. காரணம் எளிது. தன் முன்னால் இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் கேமராவின் ஒளிமானி எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் நிழல் என்றால் எல்லாவற்றையும் தூக்கிப் பிரகாசமாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). கைரேகை தெரிந்தது, விரல் நுனியில் ஒட்டியிருந்த மை தெரிந்தது, சுற்றியிருந்த நிழல் நிழலாகவே இருந்தது. வெள்ளைச் சுவரை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக, ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இந்த ஒன்றைக் கைக்குப் பழக்கினாலே உங்கள் படங்கள் பாதி தேறிவிடும்.

போன் போதுமா என்றால், போதும். திரையைத் தொட்டு விரலை மேலோ கீழோ நகர்த்தினால் இதே வேலையைப் பல போன்கள் செய்துவிடும். நான் தனிக் கேமரா வைத்துக்கொள்வதற்கு ஒரே காரணம், அதில் எந்தச் செய்தியும் வந்து கூப்பிடாது என்பதுதான்.

எடுத்த உடனே திரையைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில்தான் எதிரே ஏதாவது நடந்து முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து பார்க்கிறேன். தெரியாதவர்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். மறுத்தால் சரியென்று நகர்ந்துவிடுங்கள்.

தினமும் பார்க்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும்போது ப்ராக் நகரத்துப் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுதெக்கை நினைத்துக்கொள்வேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-இல் தொடங்கிப் பல வருடம் தன் ஸ்டுடியோவின் ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த பனி, ஓடி இறங்கும் மழைநீர், அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் ஒரு கோணல் மரம். ஒரே ஜன்னல்தான், ஆனாலும் ஒரு படம் போல இன்னொன்று இல்லை.

இப்போது எங்கள் மரம் இலை உதிர்த்து நிற்கிறது. தரையில் வட்டங்கள் இல்லை. பதிலாகக் கிளைகளின் நிழல் எதிர்ச் சுவரில் ஏறி, மெல்ல மெல்லப் படிக்கட்டுப் பக்கம் நகர்கிறது. போன வெள்ளிக்கிழமை அது மூன்றாவது படியைத் தொடும்வரை காத்திருந்தேன். மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.