சாக்கு போட்ட வண்டிப்பாதை

அன்புள்ள ஐயா,

என் தாத்தா வட ஆர்க்காட்டு விவசாயி. 1942-ல் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து பர்மா போனார். அப்போது பாட்டிக்குப் பதினேழு வயது, கைக்குழந்தையாக என் பெரியப்பா. 1946-ல் திரும்பி வந்தவர் 1999-ல் சாகும்வரை மூன்று ஏக்கரில் நெல்லும் கேழ்வரகும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) போட்டார். ஊரில் இன்றும் எங்களுடையது 'பட்டாளத்தார் வீடு'தான்.

அவர் நினைவாகச் சின்ன நூல் ஒன்று போடுவது என்று குடும்பத்தில் முடிவாகி, எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. போரைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. டிரங்குப் பெட்டியில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகமும் வெண்கல நட்சத்திரம் ஒன்றும் இருக்கின்றன (படம் இணைத்திருக்கிறேன்). "கலேவாவில் பாலம் கட்டியதற்குக் கொடுத்த வீரப்பதக்கம் அது, அப்படியே எழுது" என்கிறார் பெரியப்பா. எனக்கு நினைவிருப்பதோ வேறு. மழைக்காலத்தில் களத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் பழைய சாக்குகளை ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி விரிப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். பாட்டி அதைப் 'பட்டாளத்துக் கிறுக்கு' என்பார். இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்? போர் வரலாற்று நூல்களிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நிரப்ப வேண்டாம்.

படத்தில் இருப்பது பர்மா ஸ்டார். 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் நடுவில் அந்தப் போர்முனையில் பணி செய்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. வீரப்பதக்கம் இல்லை. இதைச் சொன்னால் பெரியப்பாவுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் வீரப்பதக்கம் என்றால் என்ன என்பதற்கு உங்கள் தாத்தாவின் படைப்பிரிவிலேயே ஆள் உண்டு. சுபேதார் சுப்பிரமணியன், அதே மெட்ராஸ் சேப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர் பக்கத்தில், தனக்குக் கொடுக்காத பதக்கத்தைக் குத்திக்கொண்டு நிற்க உங்கள் தாத்தாவே சம்மதித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சம்மதிக்கிறவராக இருந்தால் ஐம்பது வருஷம் சும்மா இருந்திருப்பாரா?

பாலம் பொய்யில்லை. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின்மேல் 1154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம், அதாவது முன்பே செய்துவைத்த இரும்புப் பாகங்களைப் பூட்டிக் கட்டும் பாலம், போட்டார்கள். அந்த வகையில் அன்று உலகிலேயே நீளமானது. தாத்தா அங்கே இருந்தாரா என்பது வேறு கேள்வி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய எண் இருக்கும், கம்பெனியும் குறித்திருக்கலாம். எண்ணைக் குறிப்பிட்டு பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் ஆவணப் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வரும்வரை பாலம் நூலுக்குள் வரக்கூடாது.

இனி சாக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த இடம் அதுதான்.

பர்மாப் போரில் ஜப்பானியர்களுக்கு அடுத்த எதிரி சேறு. மணிப்பூர் எல்லையிலுள்ள தாமுவிலிருந்து கபா பள்ளத்தாக்கு வழியாகக் கலேவா போகும் பாதையில் மழை விழுந்தால் லாரி அச்சுவரை புதைந்துவிடும். கல் கொட்டி உருளை ஓட்ட நேரமில்லை, கல்லும் கிடைக்காது. எனவே சேப்பர்கள் மண்ணைச் சமன் செய்து, தாரில் தோய்த்த சணல் துணியைச் சுருள் சுருளாக விரித்தார்கள். 'பித்தெஸ்' என்று பெயர். ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பாதை போய்விடும். அந்தச் சாக்குச் சாலையின்மேல்தான் ஒரு படையே நகர்ந்தது.

உங்கள் தாத்தா களத்துப் பாதையில் செய்தது இதைத்தானா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இது என் ஊகம். நூலில் சாக்கை எழுதுங்கள், ஓடு வேய்வதுபோல என்று நீங்கள் சொன்னீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். பித்தெஸ் பற்றி வேண்டுமானால் தனியாக ஒரு பத்தி. 'ஆகவே' போட்டு இரண்டையும் முடிச்சுப்போடாதீர்கள். படிக்கிறவன் போட்டுக்கொள்வான். பாட்டியின் 'பட்டாளத்துக் கிறுக்கு' கட்டாயம் வேண்டும், அவ்வளவு பொருத்தமான பெயரை நாம் யோசித்து வைக்க முடியாது.

யார் படிப்பார்கள் என்கிறீர்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் நம் கிராமங்களில் கல்வெட்டுப் பதித்தார்கள், சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. 'இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர்.' எண்ணிக்கையோடு சரி, ஒரு பெயர் இருக்காது. உங்கள் பக்கத்திலேயே, திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு நிற்கும் நாய்க்கும் அதில் பெயர் பொறித்திருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்ததாம். ஏழாம் நூற்றாண்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த மூன்று ஏக்கரில் உழுத மாடுகளின் பெயர் உங்கள் வீட்டில் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தது எதுவரை, மோட்டார் வந்தது எப்போது, மல்லாட்டை நன்றாக வந்த வருஷம் எது, பொய்த்த வருஷம் எது, யாரிடம் கடன்பட்டார்? நான்கு வருஷப் போருக்காக ஐம்பத்து மூன்று வருஷ வெள்ளாமையை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. கடிதத்தில் நீங்கள் கேட்காதது. தாத்தா பர்மாவில் இருந்தபோது நிலத்தைப் பார்த்தது யார்?

1942-ல் பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. மதராஸ் மாகாணம் முழுக்க அரிசித் தட்டுப்பாடு, பிறகு ரேஷன். அந்தக் காலத்தில் பதினேழு வயதுப் பெண் கைக்குழந்தையோடு நிலத்துக்கும் வீட்டுக்குமாக இருந்திருக்கிறார். மணியார்டர் வந்ததா, வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவரா, மாமனாரா? ஏர் ஓட்டியது யார்? உங்கள் கடிதத்தில் பாட்டி ஒரு வயதாகவும் ஒரு கேலியாகவும் மட்டும் வருகிறார். நூலின் முதல் அத்தியாயம் அவருடையதாக இருக்கலாம்.

பாட்டி இல்லை என்று ஊகிக்கிறேன். பெரியப்பா இருக்கிறார். 1946-ல் அவருக்கு நாலு வயது. முகமே தெரியாத ஓர் ஆள் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றிருப்பார், "உன் அப்பாதான்டா, போ" என்று யாரோ முதுகில் தள்ளியிருப்பார்கள். போனாரா, பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாரா? ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்குப் பாலத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.