கோழிக்கூண்டு: எந்த வலை, எவ்வளவு காற்று?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஆறு நாட்டுக்கோழி வளர்த்தோம். மரச்சட்டத்தில் கோழிவலை அடித்த கூண்டு. போன மாதம் ராத்திரியில் பெருச்சாளி வலையைக் கிழித்து உள்ளே புகுந்து இரண்டைக் கொன்றுவிட்டது. புதுக்கூண்டு செய்யலாம் என்று இரும்புக்கடைக்குப் போனால் நாலு விதமான வலை காட்டுகிறார்கள். எதை எடுப்பது? மத்தியானத்தில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, அதற்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அறுகோணக் கண் உள்ள கோழிவலை, கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது என்பதால் பெருச்சாளிப் பல்லுக்கும் நாயின் இழுப்புக்கும் தாங்காது. பகலில் கோழி உலாவும் இடத்துக்கு அது போதும். ராத்திரி அடைக்கும் கூண்டுக்கு, கம்பிகள் கூடும் இடமெல்லாம் வெல்டு செய்த வெல்ட் மெஷ்தான் வேண்டும், அதுவும் அரை அங்குலக் கண். இதில் பெரிய எலியும் பெரிய பாம்பும் நுழைய முடியாது, பூனை கையை விட்டுக் கோழியை இழுக்கவும் முடியாது.

கடையில் கேஜ், அதாவது கம்பித் தடிமனின் எண், கேளுங்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 20 கேஜ் ஏறக்குறைய 0.9 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ. நான் 18க்கு மெல்லியதை வாங்கச் சொல்ல மாட்டேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, இது விலை கம்மி" என்று சுருளை எடுத்துப் போட்டால், அதே அகலத்தில் ஒரு மீட்டரை இரண்டு வகையிலும் எடை போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தராசிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது துரு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பிகள் கூடும் முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். முனையில் கருகிய புள்ளி தெரிந்தால், துத்தநாகம் பூசிய கம்பியைப் பிறகு வெல்டு செய்திருக்கிறார்கள்; பூச்சு எரிந்த அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். முனை முழுக்க வெள்ளிப்பூச்சு வழிந்து மூடியிருந்தால், வெல்டு செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்த வலை. விலை கூடத்தான், ஆனால் கடலோர வீட்டுக்கு அதை எடுப்பதுதான் சிக்கனம். பாரிமுனை செம்புதாஸ் தெரு வரை ஒரு நடை போய் விலை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வலையை ஆணியால் மட்டும் அடித்துவிடாதீர்கள். மேலே பட்டைக்கம்பி வைத்து, வாஷர் போட்டு, ஸ்க்ரூவால் இறுக்குங்கள். தரைக்கு சிமென்ட் போட முடிந்தால் பெருச்சாளி தோண்டி வரும் கவலை விட்டது. முடியாவிட்டால் கூண்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்கவைத்து, மேலே செங்கல் அடுக்குங்கள். மழைத்தண்ணீர் தேங்கும் தெருவானால் முதலிலேயே கால் வைத்து இரண்டரை அடி உயர்த்திவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதை நினைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையக் கூடாது. கொக்கி மட்டும் போதாது. தாழ்ப்பாளும் பூட்டும் போடுங்கள், கோழித் திருடனுக்கும் சேர்த்து. சாயங்காலம் தீனித்தட்டை எடுத்துவிடுவது இது எல்லாவற்றையும்விட முக்கியம். பெருச்சாளியைக் கூப்பிடுவதே சிந்திக் கிடக்கும் குருணையும் தவிடும்தான்.

இனி வெக்கை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்த்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், அதனால் அப்படி மூச்சு வாங்கினாலும் சூடு லேசில் இறங்காது. ஓடுகிற காற்றும் நிழலும் இருந்தால்தான் பிழைக்கும். கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். தெற்கும் வடக்கும் முழுக்க வலை, மேற்குச் சுவர் மூடியது. மத்தியானத்துக்கு மேல் வரும் கடல்காற்று தெற்குப் பக்கம் நுழைந்து வடக்கே வெளியேறும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே அரை அடி இடைவெளி விட்டு அதையும் வலையால் மூடுங்கள். மேலே ஏறும் சூடான காற்று அதன் வழியே போய்விடும். தகரக் கூரையானால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கீற்று குளிர்ச்சிதான், ஆனால் எலி குடியேறும்.

மழைக்காலத்தில் தார்ப்பாயால் நாலு பக்கமும் சுற்றி மூடுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் இறக்கினால் போதும். எச்சத்திலிருந்து எழும் அமோனியா வெளியே போக வழியில்லாமல் கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். காலையில் கூண்டைத் திறந்ததும் கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை, தரையில் பரப்பிய உமியையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: "10 கோழி தங்கும்" என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் மரக்கூண்டு வாங்கினேன். மூன்றடிக்கு இரண்டடிதான் வந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: விற்றவர் அப்படிச் சொல்ல முடியாது. பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். டேப் வைத்து அளந்த படத்தையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை நீள அகலத்தைப் பெருக்கிவிட்டு ஆர்டர் போடுங்கள். கோழி ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு சதுர அடி, வெளியே விட முடியாத இடமென்றால் நாலு. உங்களுக்கு வந்திருப்பது ஆறு சதுர அடி, மூன்று கோழிக்கு ராத்திரி தங்கச் சரி.

கேள்வி: தெருவில் கலர் கோழிக்குஞ்சு விற்கிறார்கள். வளர்க்கலாமா?
– வாசகி, எண்ணூர்

பதில்: வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். முட்டை வராது, சாயத்தோடும் வெயிலோடும் வந்தவை பிழைப்பதும் அரிது. மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து முதல் வாரச் சொட்டு போட்டாயிற்றா என்று கேளுங்கள். 8 வாரத்தில் ஊசியை அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம்.