கேளுங்கள், சொல்கிறேன்: துபாயில் ஓடிய நம் ரூபாய்

கேள்வி: பாட்டனாரின் இரும்புப் பெட்டியில் சிவப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று கிடைத்தது. எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. அவர் 1960-களில் பஹ்ரைனில் வேலை பார்த்தவர். கள்ள நோட்டா?
- வாசகர், கீழக்கரை

பதில்: சேச்சே, ரிசர்வ் வங்கியே அச்சிட்டதுதான் தம்பி. ஆனால் அதை இந்தியாவில் ஒரு கடையிலும் வாங்கியிருக்க மாட்டார்கள். அது வளைகுடா ரூபாய்.

அந்தக் காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லா இடத்திலும் புழங்கியது நம் ரூபாய்தான். பிரிட்டிஷ்காரர்களின் பிடி ஒரு காரணம், பம்பாயோடு இருந்த வியாபாரம் இன்னொன்று. வினை தங்கத்தில் வந்தது. துபாயில் மலிவாக வாங்கிய தங்கத்தைப் பம்பாய்க்குக் கடத்தி வந்து விற்றார்கள். விற்ற ரூபாய்க் கட்டுகள் மறுபடி கடல் தாண்டிப் போகும். அங்குள்ள வங்கிகள் அவற்றை ரிசர்வ் வங்கியிடம் நீட்டினால், பதிலுக்கு பவுண்டு கொடுத்தாக வேண்டும். ஆக, கடத்தல் தங்கத்துக்கு நம் கஜானாவே அந்நியச் செலாவணி அளந்தது! இதை அடைக்கத்தான் 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி நோட்டு, வேறு நிறம், இசட் எழுத்து.

அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். குவைத் 1961-இல் தினாருக்கு மாறியது; பஹ்ரைன் 1965-இல். மிச்சமிருந்தவர்கள் தலையில் 1966 ஜூன் 6-ஆம் தேதி இடி விழுந்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை டெல்லி 7.50 ஆக்கியது, வளைகுடா ரூபாயும் கூடவே இறங்கியது. நூறு ரூபாய் வைத்திருந்த துபாய் வியாபாரிக்கு முதல் நாள் வரை அது 21 டாலர். மறுநாள் 13 சொச்சம். டெல்லியின் முடிவுக்கு அவர் ஏன் அழ வேண்டும்? அந்த ஆண்டே துபாயும் கத்தாரும் சேர்ந்து சொந்தமாக ரியால் வெளியிட்டன. ஓமன் மட்டும் 1970 வரை தாக்குப்பிடித்தது.

வங்கியில் அந்நியச் செலாவணி கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த நோட்டோடு வந்தவர்கள் உண்டு. மாற்றித் தர வழியில்லை. பழைய நோட்டு சேகரிப்பவர்களிடம் காட்டுங்கள், நல்ல விலை கிடைக்கும். மடிப்பு போக இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், மதிப்பு குறைந்துவிடும்.

கேள்வி: இப்போது மறுபடியும் ரூபாயில் உலக வர்த்தகம் என்கிறார்களே, டாலரை விரட்டிவிடுமா?
- வாசகி, கரூர்

பதில்: 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் கோவாவுக்கு வந்தபோது, இந்திய வங்கிகளில் எங்கள் ரூபாய் மலையாகக் குவிந்திருக்கிறது, செலவழிக்க வழியில்லை என்ற ரீதியில் புலம்பினார். நாம் அவர்களிடம் கச்சா எண்ணெயை வாங்கித் தள்ளுகிறோம். அவர்கள் நம்மிடம் வாங்குவது கொஞ்சம்தான். அந்த ரூபாயை வேறு நாட்டில் கொடுத்தாலும் எளிதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். டாலருக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலில் உங்கள் ஊர்ப் போர்வையும் துண்டும் மாஸ்கோவுக்குக் கப்பல் கப்பலாகப் போகட்டும் அம்மா, விரட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.