போஸ்டர் மாட்டும் முன் படிவம்

சேட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். டர்பனில் தொழில்துறை வடிவமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. பச்சிளங்குழந்தைக்கு டிரிப் ஏறும்போது கை ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு சாதனம் வடிவமைத்திருக்கிறார். அடுத்த மாதக் கருத்தரங்கில் அதைப் பற்றிப் போஸ்டர் வைக்கும்படி பேராசிரியர் நெருக்குகிறார். வைத்தால் யாராவது திருடிவிடுவார்களா? என்ஆர்எஃப் என்ற அரசு ஆராய்ச்சி நிதி நிறுவனத்தின் உதவித்தொகையில் படிப்பதால் கண்டுபிடிப்பு தனக்கே சொந்தமா? ‘உலக பேட்டன்ட்’ (காப்புரிமை) வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் 38,000 ராண்ட் கேட்கிறார், கட்டலாமா?

முதலில் தலையில் ஒரு குட்டு அம்மா. கடிதத்தோடு படங்களையும் அனுப்பியிருக்கிறீர்கள், அளவு முதற்கொண்டு. நான் அவற்றை எடுத்து வைத்துவிட்டேன், யாருக்கும் காட்டவில்லை. கடிதத்தை அப்படியே இங்கே போட்டிருந்தால் உங்கள் கண்டுபிடிப்பின் புதுமை அன்றோடு முடிந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருவருக்குப் படம் அனுப்புகிற பழக்கத்தை இன்றே விடுங்கள்.

நீங்கள் திருட்டுக்குப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது உங்கள் வாய்க்கு. நம் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டப்படி, மனுப் போடும் நாளுக்கு முன் உலகத்தின் எந்த மூலையிலாவது அந்தப் பொருள் வெளியே தெரிந்திருந்தால் அது புதியதல்ல, பேட்டன்டுக்குத் தகுதியும் இல்லை. தெரியப்படுத்தியவர் நீங்களே ஆனாலும் அதே கதிதான். போஸ்டர், பேச்சு, இணையத்தில் ஏறும் சுருக்கம், நூலகத்தில் வைக்கும் ஆய்வேடு, வாட்ஸ்அப்பில் சித்தப்பா பெருமையாகப் பகிரும் படம், எல்லாம் ஒரே கணக்கு. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக் கெட்டவர்கள் ஏராளம்.

பேராசிரியரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அங்கீகரித்த இதழில் கட்டுரை வந்தால் அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. ஒரு துறை ‘வெளியிடு, வெளியிடு’ என்று விரட்டுகிறது, இன்னொரு துறை ‘வாயைத் திறக்காதே’ என்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர். நம் ஊர் இயற்பியலாளர் ஆலன் கார்மக் கேப்டவுனில் தொடங்கிய சிடி ஸ்கேன் கணக்கை 1963, 64இல் கட்டுரையாக வெளியிட்டார். 1979இல் நோபல் பரிசில் பங்கு வந்தது. ஸ்கேனரை விற்றது பிரிட்டனின் இஎம்ஐ.

இனி சொந்தம் யாருக்கு என்ற கேள்வி. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் பிறக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே என்று 2008ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டம் சொல்கிறது. 2010 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு, எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்: படிப்பு உதவித்தொகையாகத் தரும் பணம் ‘அரசு நிதி பெற்ற ஆராய்ச்சி’ என்ற கணக்கில் சேராது. ஆகவே என்ஆர்எஃப் பணம் மட்டும்தான் என்றால் எனக்கே சொந்தம் என்கிறீர்கள். பொறுங்கள். முன்மாதிரிக்குப் பொருள் வாங்கியது யார் பணத்தில்? முப்பரிமாண அச்சு எந்திரம் எந்தத் திட்டத்தின் கீழ் வந்தது? பேராசிரியருக்கு அரசு ஆராய்ச்சி நிதி இருந்து, அதில் ஒரு பங்காவது உங்கள் முன்மாதிரிக்குள் போயிருந்தால் விதிவிலக்கு கையை விட்டுப் போய்விடும். அப்படி எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தப் படிவத்தில் மாணவர் கண்டுபிடிப்பும் எங்களுக்கே என்ற வரி இருக்கலாம். சட்டம் விட்டுக்கொடுத்ததை ஒப்பந்தம் திரும்ப எடுத்துக்கொள்ளும். உதவித்தொகைக் கடிதம், சேர்க்கைப் படிவம், பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை, மூன்றையும் வரிசையாக வைத்துப் படிக்காமல் ‘எனக்கே’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கே போனாலும் நீங்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வந்தால் முதல் 10 லட்சம் ராண்ட் வருவாயில் குறைந்தது 20 சதவீதமும், அதற்கு மேல் நிகர வருவாயில் குறைந்தது 30 சதவீதமும் கண்டுபிடித்தவர்களுக்குத் தர வேண்டும். பேராசிரியரும் கண்டுபிடிப்பாளர் என்றால் அவருக்கும் அதில் பங்கு.

ஏஜென்ட் விஷயம்தான் எனக்கு ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது. உலக பேட்டன்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இருப்பது பிசிடி என்ற சர்வதேச மனு. அது பல நாடுகளில் இடம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிறகு நாடு நாடாகப் போய்ப் பணம் கட்ட வேண்டும். ‘கட்டாயம் கிடைக்கும்’ என்று அவர் சத்தியம் செய்கிறாரே, அதில் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. தென்னாப்பிரிக்கப் பதிவு அலுவலகம் கண்டுபிடிப்பு புதியதா என்று ஆராய்வதில்லை. படிவம் சரியாக இருந்தால் சான்றிதழ் வந்துவிடும். 2021 ஜூலையில் செயற்கை நுண்ணறிவு எந்திரம் ஒன்றைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய மனுவுக்கு உலகிலேயே முதலில் பேட்டன்ட் கொடுத்தது நம் நாடு. அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய அலுவலகமும் அதே மனுவைத் திருப்பி அனுப்பின. அப்படி வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டலாம். வழக்கு வந்தால் நிற்குமா என்பது எழுதியவரின் கைத்திறமையைப் பொறுத்தது. முழு மனுவில் கையெழுத்துப் போடும் உரிமை பதிவு பெற்ற பேட்டன்ட் வழக்கறிஞருக்குத்தான் உண்டு. உங்கள் ஏஜென்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று கேளுங்கள், பேச்சு உடனே திசை மாறும். மேலும், உரிமை பல்கலைக்கழகத்துடையது என்றால் நீங்கள் கட்டுகிற 38,000 அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளையடித்த கூலி.

செய்ய வேண்டியது இது. பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை இந்த வாரமே கொடுங்கள். கண்டுபிடிப்பு என்று தெரிந்த 90 நாளுக்குள், வெளியே சொல்வதற்கும் முன் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நமக்குக் கெடு வைக்கத் தெரிந்தவர்கள் மேசைக்கு மேசை கோப்பு நகர்த்தும் வேகத்தைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம். மின்னஞ்சலிலேயே கொடுத்து, கருத்தரங்குத் தேதியைத் தலைப்பிலேயே எழுதி, பேராசிரியருக்கும் நகல் போடுங்கள். அவர்கள் முதலில் ஒரு புரொவிஷனல் (தற்காலிக) மனுப் போட்டால் போதும், முழு மனுவுக்கு 12 மாதம் கிடைக்கும். வேண்டாம் என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால் அடுத்து தேசிய அறிவுசார் சொத்து நிர்வாக அலுவலகமான நிப்மோவைக் கேட்பார்கள். பணம் போட்ட தனியார் யாராவது இருந்தால் அவர்களுக்கும் வாய்ப்புத் தருவார்கள். எல்லாரும் கைவிட்டால்தான் உங்கள் முறை. வடிவத்தைத் தனியாக 1993ஆம் ஆண்டு டிசைன் சட்டத்திலும் பதியலாம். அதில் வெளியிட்ட பிறகும் 6 மாதம் அவகாசம் உண்டு. வடிவமைப்பு படித்தவர்களே இதை மறக்கிறார்கள்.

மனு போவதற்குள் கருத்தரங்கு வந்துவிட்டால் போஸ்டரை ரத்து செய்யத் தேவையில்லை. பிரச்சினையை மட்டும் மாட்டுங்கள்: நர்ஸ்கள் நாக்கு அழுத்தும் குச்சியில் காஸ் துணி சுற்றி பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிப்பது, அதை உரிக்கும்போது குறைமாதக் குழந்தையின் தோலும் சேர்ந்து வருவது, வார்டில் நீங்கள் கவனித்தது, அவர்கள் சொன்னது. சாதனத்தின் படமும் அளவும் பொருளும் வேண்டாம். சுருக்கத்தை ஏற்கனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், இணையத்தில் ஏற்றுவதற்கு முன் படத்தை எடுத்துவிடும்படி ஏற்பாட்டாளர்களுக்கு இன்றே எழுதுங்கள்.