போயிங் 747 விமானத்தின் முன்பகுதியில் மட்டும் திமில் போன்ற மேடு ஏன்?

அந்த மேடு பயணிகளுக்காகப் பிறந்ததன்று. சரக்கை மனத்தில் வைத்து உருவான வடிவம் அது. 1960-களின் நடுவில், ஒலியை மிஞ்சும் விமானங்களில்தான் இனி மக்கள் பறப்பார்கள், 747 விரைவில் சரக்கு விமானமாகிவிடும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. ஆகவே போயிங் பொறியாளர் ஜோ சட்டர் தலைமையிலான வடிவமைப்புக் குழு, 8 அடி அகலச் சரக்குப் பெட்டகங்கள் இரண்டு அருகருகே அடங்குமாறு உடற்பகுதியை அகலப்படுத்தியதோடு, மூக்கையே கதவாகத் தூக்கி நீளமான சரக்கை நேராக உள்ளே செலுத்த வழிவிடும் பொருட்டு, விமானி அறையை மேல்தளத்துக்கு ஏற்றியது. அதன் பின்புறம் காற்றோட்டத்துக்கு இசைவாகச் சரிந்து இறங்க வேண்டியிருந்ததால் திமில் உண்டானது. உள்ளே கிடைத்த இடம் முதல் வகுப்பினரின் ஓய்வுக்கூடமாயிற்று.

அத்தனை உயரத்தில் அமர்ந்து விமானத்தைத் தரையில் நகர்த்துவது விமானிகளுக்குப் புதிது. அதற்காக, லாரியின் மேல் உயரமான சாரம் அமைத்து, உச்சியில் மாதிரி விமானி அறையைப் பொருத்திப் பழகினார்கள். இந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

உண்மையான தொல்லை எஞ்சின்களில் இருந்தது. 1969 பிப்ரவரி 9 அன்று முதல் விமானம் பறந்துவிட்டபோதும், எஞ்சின்கள் போதிய அளவில் வந்து சேராததால், போயிங்கின் எவரெட் ஆலையில் கட்டி முடித்த விமானங்கள் இறக்கைகளில் எஞ்சின்களின் எடைக்கு ஈடாகக் கான்கிரீட் பாளங்களைச் சுமந்து வரிசையாக நின்றன.