கணினியில் அமைத்த இசையைக் கலைஞர்களுக்கு எழுதித் தருவது எப்படி?

கேள்வி: இசை மென்பொருளில் கீபோர்டு வாசித்து, ஒரு ஃப்ளூட், ஒரு கிளாரினெட், நான்கு வயலின்கள் ஆகியவற்றுக்காக ஐந்து நிமிட இசைக்கோவை ஒன்றை அமைத்தேன். கணினியில் கேட்டபோது நிறைவாக இருந்தது. ஆனால், அதே மென்பொருள் அச்சிட்டுத் தந்த ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பை) வைத்துக்கொண்டு கலைஞர்கள் ஒத்திகையில் திணறினார்கள். ஃப்ளூட் காதில் விழவே இல்லை. நான் தொடக்கத்திலிருந்தே நொட்டேஷனாக எழுதியிருக்க வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. கணினியில் தொடங்கியதில் எந்தத் தவறும் இல்லை. அங்கே உருவானதை வாசிக்கப்போகும் மனிதர்களுக்காக மறுபடியும் எழுதாமல் விட்டதில்தான் சிக்கல் இருக்கிறது.

கீபோர்டில் நீங்கள் வாசித்ததை மென்பொருள் மிடி முறையில் பதிந்துகொள்கிறது. 1983-இல் அறிமுகமான இம்முறை, எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, எவ்வளவு பலமாக அழுந்தியது (இதற்கு 127 வரை ஓர் எண்) என்பன போன்ற செயல்களையே பதியும். உங்கள் விரல் தாளத்துக்கு இம்மியளவு பிந்தினால் கேட்பவருக்கு அது இனிமையான தளர்வு. மென்பொருளோ அதை மிகச் சிறிய மௌனக் குறியாகவும், அதைத் தொடர்ந்து வளைகோடுகளால் பிணைத்த மூன்று துண்டு ஸ்வரங்களாகவும் எழுதிவைக்கிறது. கலைஞருக்கு வேண்டியது ஒரே ஒரு நீண்ட ஸ்வரம். ஆகவே, நொட்டேஷனாக மாற்றுவதற்கு முன் ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்குள் ஒழுங்குபடுத்துங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

ஃப்ளூட்டின் கதை வேறு. கீபோர்டின் நடுவில் உள்ள சி ஸ்வரத்திலிருந்து (நடு சி) மேலே உள்ள முதல் சில ஸ்வரங்கள் அந்த வாத்தியத்தில் இயல்பாகவே மெல்லியவை. கணினியில் அதன் ட்ராக்கின் ஒலியளவைக் கூட்டி நான்கு வயலின்களுக்கு மேலே தூக்கிவிடலாம். மேடையில் கலைஞரின் மூச்சைத் தவிர வேறு துணை கிடையாது. மெட்டை ஒரு ஸ்தாயி உயர்த்துவது எளிய வழி. ஆனால், அந்தக் கீழ் ஸ்தாயியின் குழைவுக்காகவே அதை அங்கே வைத்திருந்தீர்கள் என்றால், வயலின்களில் இரண்டை அந்த இடத்தில் ஓய வைப்பதையே நான் விரும்புவேன். ஸ்வரப் பொருத்தத்தையும் கால அளவையும் பொறுத்தவரை கணினியை நம்பலாம். வாத்தியங்களுக்கு இடையிலான ஒலிச் சமநிலையைப் பற்றி அது காட்டுவதை நம்ப வேண்டாம்.

வயலினின் கீழ்த் தந்தி ஜி, அடுத்தது டி. கீழ் ஜி-யும் அதையடுத்த ஏ-யும் ஜி தந்தியில் மட்டுமே கிடைப்பவை என்பதால் ஒருவரால் அவற்றைச் சேர்த்து இசைக்க முடியாது. கணினி தயங்காமல் இசைத்துக் காட்டும். பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிப்பதால், அதற்கு ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி எழுத வேண்டும். இதை மென்பொருளிடமே விட்டுவிடலாம். வில்லின் போக்கையும் மூச்சு விடும் இடங்களையும் நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

திருத்திய ஃப்ளூட் பகுதியை, எழுதியுள்ள அதே வேகத்தில் நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். உங்களுக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் பென்சிலால் குறியிட்டு, அடுத்த ஒத்திகைக்கு முன்பே அந்தத் தாளை ஃப்ளூட் கலைஞரிடம் காட்டி, அவர் எங்கே மூச்செடுப்பார் என்று கேளுங்கள்.